762: ஒரு சாதனையும் அதற்கு வழிவிட்டவர்களும்

நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் அமெரிக்க பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேம், அதாவது புகழ் மண்டபம், இருக்கிறது. அதன் அருங்காட்சியகத்துக்கு 2008இல் ஒரு பந்து வந்து சேர்ந்தது. பந்தின் தோலில் ஒரு நட்சத்திரக் குறி பொறிக்கப்பட்டிருந்தது. 2007 ஆகஸ்ட் 7 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் பேரி பாண்ட்ஸ் தன் 756ஆவது ஹோம் ரன்னாக அடித்த பந்து அது. ஹேங்க் ஆரனின் 755 என்ற வாழ்நாள் சாதனை அன்றுதான் முறிந்தது. ஆடை வடிவமைப்பாளர் மார்க் எக்கோ அந்தப் பந்தை ஏழரை லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். அப்படியே அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதா, நட்சத்திரக் குறி போட்டுக் கொடுப்பதா, ராக்கெட்டில் ஏற்றி விண்வெளிக்கு அனுப்பிவிடுவதா என்று இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தினார். ஏறத்தாழ ஒரு கோடி வாக்குகள் விழுந்தன. கிட்டத்தட்ட பாதிப் பேர் நட்சத்திரக் குறி கேட்டார்கள். "இந்த எண்ணை அப்படியே நம்பாதே" என்று பார்ப்பவருக்குச் சொல்லும் குறி அது.

பாண்ட்ஸ் ஊக்கமருந்து எடுத்தாரா என்ற கேள்விக்குப் பதில் இன்று பெரும்பாலும் தெளிவாகிவிட்டது. இருபது ஆண்டுகளாக இந்த வழக்கைப் பற்றி நடக்கும் பேச்சு முழுக்க அந்த ஒரு மனிதரையே சுற்றி வருவதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்த மருந்துக்கு இடம்கொடுத்த ஆட்டக்காரர் சங்கமும், அணி முதலாளிகளும், லீக்கின் தலைவரான கமிஷனரும் எப்படித் தப்பித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் வழக்கு முழுமையாகும்.

மருந்துக்கு முன் இருந்த பாண்ட்ஸ்

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்காக: ஹோம் ரன் என்பது ஏறக்குறைய நம் கிரிக்கெட் சிக்ஸர்தான், ஆனால் மிக அரிது. ஒரு சீசனில் அறுநூறு தடவை மட்டையோடு வந்து நிற்கும் பேட்டர் 30 ஹோம் ரன் அடித்தாலே பெரிய ஆட்டக்காரர்.

பேரி பாண்ட்ஸ் பேஸ்பால் குடும்பத்துப் பிள்ளை. அப்பா பாபி பாண்ட்ஸ் முன்னணி ஆட்டக்காரர். ஞானத்தந்தை வில்லி மேஸ், ஆட்டத்தின் மாபெரும் பெயர்களில் ஒன்று. 1986இல் பிட்ஸ்பர்க் பைரட்ஸில் தொடங்கி, 1993 முதல் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸில் ஆடினார். 1990, 1992, 1993 என்று மூன்று முறை லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. 1998இல் 400 ஹோம் ரன்னும் 400 பேஸ் திருட்டும் (ரன்னுக்காக ஓடித் தொட வேண்டிய மூலைகளே பேஸ்; அடி விழாமலே அடுத்த மூலைக்கு ஓடிவிடுவது திருட்டு) சேர்ந்து எட்டிய முதல் மனிதர் ஆனார்.

அதே ஆண்டு மே 28 அன்று நடந்ததைச் சொன்னால் அவர் எப்படிப்பட்ட பேட்டர் என்பது புரியும். கடைசி இன்னிங்ஸ், அரிசோனா 8-6 என்று முன்னிலையில் இருக்கிறது, மூன்று பேஸிலும் ஜயன்ட்ஸ் ஆட்கள். அப்போது பாண்ட்ஸ் மட்டையோடு வருகிறார். அரிசோனாவின் மேலாளர் பக் ஷோவால்டர், அவருக்குப் பந்தே போட வேண்டாம், வேண்டுமென்றே வாக் கொடுத்து, அடிக்காமலே முதல் பேஸுக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். மூன்று பேஸும் நிறைந்திருக்கும்போது அப்படிச் செய்தால் எல்லோரும் ஒரு பேஸ் நகர்வார்கள், எதிரணிக்கு ஒரு ரன் இலவசம். பாண்ட்ஸின் மட்டையில் பந்து படுவதைவிட ஒரு ரன்னைத் தானமாகக் கொடுப்பது மேல் என்று ஓர் அனுபவசாலி முடிவெடுத்தார். அடுத்து வந்தவர் ஆட்டமிழந்தார், அரிசோனா வென்றது.

1998 முடிவில் பாண்ட்ஸின் கணக்கில் 411 ஹோம் ரன்கள். வயது 34. அன்றே ஓய்வு பெற்றிருந்தாலும் கூப்பர்ஸ்டவுனில் அவருக்கு இடம் உறுதி. இந்த வழக்கில் மனதை மிகவும் வருத்துவது இதுதான்.

1998, எல்லோரும் பார்க்க மறுத்த பாட்டில்

ஒரு சீசனில் பேப் ரூத் அடித்த 60 என்ற எண் 1927 முதல் 34 ஆண்டுகள் நின்றது. 1961இல் ராஜர் மாரிஸ் 61 அடித்தார். அது 37 ஆண்டுகள் நின்றது. அப்புறம் 1998 முதல் 2001 வரை, நான்கே சீசன்களில், 61 ஆறு முறை தாண்டப்பட்டது. தாண்டியவர்கள் மூன்றே பேர்: மார்க் மெக்வயர், சாமி சோசா, பாண்ட்ஸ்.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. 1994 ஆகஸ்டில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டு சாம்பியனை முடிவுசெய்யும் உலகத் தொடரே ரத்தானது. அடுத்த சீசனில் மைதானத்துக்கு வந்தவர்கள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தார்கள். இப்படி வெறுத்துப் போயிருந்த ரசிகர்களை 1998இல் மெக்வயரும் சோசாவும் திரும்ப இழுத்து வந்தார்கள். செப்டம்பர் 8 அன்று மெக்வயர் 62ஆவதை அடித்தபோது சோசா ஓடி வந்து கட்டிக்கொண்டார். சீசன் முடிவில் மெக்வயர் 70, சோசா 66. நாடே கொண்டாடியது.

அந்த ஆகஸ்டிலேயே, அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர் ஸ்டீவ் வில்ஸ்டீன், மெக்வயரின் அலமாரியில் ஆன்ட்ரோஸ்டீன்டயோன் என்ற பாட்டிலைப் பார்த்து எழுதிவிட்டார். உடலுக்குள் போனதும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனாக மாறக்கூடிய பொருள் அது. ஒலிம்பிக் கமிட்டியும் அமெரிக்கக் கால்பந்து லீக்கும் தடை செய்திருந்தன. பேஸ்பால் செய்திருக்கவில்லை, கடையிலும் தாராளமாகக் கிடைத்தது. ஆகவே மெக்வயர் மறைக்கவில்லை. கோபமெல்லாம் செய்தியாளர் மேல் திரும்பியது. மெக்வயரின் அணியான கார்டினல்ஸின் மேலாளர் டோனி லா ருஸா, அந்தச் செய்தி நிறுவனத்தையே உடைமாற்றும் அறைக்குள் விடக்கூடாது என்றார். அந்தப் பாட்டிலை யாராவது அன்றைக்கே சீரியஸாக எடுத்திருந்தால் பின்னால் நடந்ததில் பாதி நடந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2010 ஜனவரியில் மெக்வயர் தானே ஒப்புக்கொண்டார், 1998இலும் ஸ்டீராய்டு எடுத்ததாக.

இதையெல்லாம் பாண்ட்ஸ் ஓரமாக நின்று பார்த்தார். தன்னைவிட ஆட்டத்தில் குறைந்தவர்கள் என்று அவர் கருதியவர்களுக்கு ஊரெல்லாம் ஆரத்தி. அந்தப் பொறாமையில்தான் அவர் 1998 சீசனுக்குப் பிறகு மருந்தைத் தொட்டார் என்று சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள் செய்தியாளர்கள் மார்க் ஃபைனாரு-வாடாவும் லான்ஸ் வில்லியம்ஸும் பின்னால் விரிவாக எழுதினார்கள். மனதுக்குள் நடந்ததை யாரும் நிரூபிக்க முடியாது. எண்கள் மட்டும் இருக்கின்றன: 34 வயது வரை பதின்மூன்று சீசன்களில் 411, அதற்குப் பிறகு ஒன்பது சீசன்களில் 351, மொத்தம் 762. 2001இல் மட்டும் 73. அதற்கு முன் அவருடைய அதிகபட்சமே 49தான்.

பர்லிங்கேம் ஆய்வகம்

சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே பர்லிங்கேம் என்ற ஊரில் பால்கோ என்று ஒரு நிறுவனம். நடத்தியவர் விக்டர் கான்டே, முன்னாள் இசைக்கலைஞர். வெளியில் பார்த்தால் விளையாட்டு வீரர்களின் ரத்தத்தைப் பரிசோதித்து, தாது உப்பு மாத்திரை விற்கும் கடை. உள்ளே இரண்டு சரக்கு ஓடியது. ஒன்று "கிளியர்", நாக்குக்கு அடியில் சொட்டாக விடும் திரவம். இன்னொன்று "கிரீம்", தோலில் தடவுவது.

கிளியரின் வேதிப்பெயரைச் சுருக்கி டிஎச்ஜி என்பார்கள். பேட்ரிக் ஆர்னால்ட் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. ஊக்கமருந்துப் பரிசோதனை அந்தக் காலத்தில் தெரிந்த பொருட்களைத்தான் தேடும். பட்டியலில் இல்லாத மூலக்கூறு சிறுநீரில் மிதந்தாலும் கருவி கண்டுகொள்ளாது. போதாததற்கு, வழக்கமான பரிசோதனைக்கு மாதிரியைத் தயார்செய்யும்போதே டிஎச்ஜி சிதைந்துவிடும். கிரீமில் வேறு தந்திரம். டெஸ்டோஸ்டிரோனுக்கும் எபிடெஸ்டோஸ்டிரோனுக்கும் உள்ள விகிதம் ஏறினால் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். கிரீமில் இரண்டையும் கலந்தே வைத்திருந்தார்கள். விகிதம் அசையவே அசையாது.

இந்தப் பூட்டை உடைத்தது போலீஸ் அல்ல. 2003 ஜூனில் ஒரு தடகளப் பயிற்சியாளர் பெயர் சொல்லாமல் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமையை அழைத்தார். மருந்து ஒட்டியிருந்த ஓர் ஊசியை அனுப்பினார். அவர் டிரெவர் கிரஹாம் என்பது பின்னால் தெரிந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் ஆய்வகத்தில் டான் கேட்லினின் குழு, அந்த மிச்சத்திலிருந்து மூலக்கூறை அடையாளம் கண்டு, அதற்கென ஒரு பரிசோதனையையே உருவாக்கியது. அதற்கு முன்பே வருமான வரித்துறை அதிகாரி ஜெஃப் நோவிட்ஸ்கி பால்கோவின் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தார். 2003 செப்டம்பர் 3 அன்று சோதனை நடந்தது.

பால்கோவுக்கும் பாண்ட்ஸுக்கும் நடுவில் இருந்தவர் கிரெக் ஆண்டர்சன். பாண்ட்ஸின் சிறுவயது நண்பர், உடற்பயிற்சியாளர். அந்த டிசம்பர் 4 அன்று குற்றம் சாட்டலாமா என்று முடிவுசெய்யும் பெருநடுவர் குழு முன்னால் பாண்ட்ஸ் சாட்சி சொன்னார். ஆண்டர்சன் கொடுத்ததை எடுத்தது உண்மை, அது ஆளிவிதை எண்ணெய் என்றும் மூட்டுவலித் தைலம் என்றும் நினைத்தேன் என்றார். உலகிலேயே தன் உடம்பை இவ்வளவு கவனமாகப் பேணிய ஆட்டக்காரர்களில் ஒருவர், என்னவென்றே கேட்காமல் எதையாவது நாக்கின் அடியில் விட்டுக்கொள்வார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

2003இல் பேஸ்பால் முதன்முதலாக எல்லா ஆட்டக்காரர்களிடமும் பெயர் வெளியிடாத பரிசோதனை நடத்தியிருந்தது. அதில் பாண்ட்ஸ் கொடுத்த மாதிரி சுத்தம் என்று வந்தது, டிஎச்ஜியை அப்போது யாரும் தேடவில்லை என்பதால். அரசாங்கம் அந்த மாதிரியைக் கைப்பற்றி மறுபடி சோதித்தபோது டிஎச்ஜி இருந்தது.

சட்டம் எட்டிய தூரம்

கான்டேக்கு நான்கு மாதச் சிறை. ஆண்டர்சனுக்கும் ஆர்னால்டுக்கும் மும்மூன்று மாதம். பாண்ட்ஸின் சாட்சியத்தைச் செய்தியாளர்களுக்குக் கசியவிட்ட, பால்கோ தரப்பு வழக்கறிஞர் டிராய் எல்லர்மேனுக்கு இரண்டரை ஆண்டு. மருந்து விற்றவரைவிட உண்மையை வெளியே விட்டவர் கூடுதலாக உள்ளே இருந்தார் என்பது என்னைக் கொதிக்க வைக்கும் விவரம். ரகசியச் சாட்சியத்தை வெளியிட்டது குற்றம், சரி. அதையே கசிவு என்று காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்டார் என்பதும் அவர்மேல் இருந்த குற்றம்தான். இருந்தாலும் தண்டனைகளின் அளவு பொருந்தவில்லை.

756ஐ அடித்து மூன்று மாதம் கழித்து, 2007 நவம்பரில், பொய்ச் சாட்சி, நீதிக்கு இடையூறு என்று பாண்ட்ஸ்மேல் குற்றச்சாட்டு வந்தது. ஆண்டர்சன் வாய் திறக்கவில்லை. அவமதிப்புக்காக மொத்தத்தில் ஓராண்டுக்கும் மேல் சிறையில் இருந்தார், அப்போதும் பேசவில்லை. 2011 விசாரணையில் பாண்ட்ஸின் வழக்கறிஞரே கிளியரையும் கிரீமையும் அவர் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டு, தெரியாமல் பயன்படுத்தினார் என்று மட்டும் வாதிட்டார். பொய்ச் சாட்சிக் குற்றச்சாட்டுகள் மூன்றில் நடுவர்களுக்குள் உடன்பாடு வரவில்லை. இடையூறு என்ற ஒன்றில் மட்டும் குற்றவாளி என்றார்கள். ஊசி போட்டுக்கொள்ளும்படியான எதையாவது ஆண்டர்சன் கொடுத்தாரா என்ற கேள்விக்கு, புகழ்பெற்ற அப்பாவின் பிள்ளையாக வளர்ந்தது பற்றி அவர் சுற்றி வளைத்துப் பேசிய பதில்தான் அந்தக் குற்றம். 30 நாள் வீட்டுக்காவல் விதித்தார்கள். 2015 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 10-1 என்று அதையும் ரத்து செய்தது. சட்டப்படி பாண்ட்ஸ் இன்று எந்தக் குற்றத்துக்கும் ஆளாகாதவர்.

விதியே இல்லை என்ற வாதம்

பாண்ட்ஸின் ஆதரவாளர்கள் முதலில் எடுப்பது இதைத்தான்: அப்போது பேஸ்பாலில் ஸ்டீராய்டுக்கு எதிராக விதி இல்லை. இது பாதி உண்மை. மருத்துவர் சீட்டில்லாமல் டெஸ்டோஸ்டிரோன் போன்றவற்றை வைத்திருப்பதே நாட்டின் சட்டப்படி குற்றம். 1991இலேயே கமிஷனர் ஃபே வின்சென்ட், சட்டவிரோத மருந்துகளுக்கும் ஸ்டீராய்டுக்கும் தடை என்று எல்லா அணிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். பரிசோதனை மட்டும் இல்லை. அதற்கு ஆட்டக்காரர் சங்கத்தின் சம்மதம் வேண்டும். அந்தரங்க உரிமை என்று சங்கம் மறுத்தது. முதலாளிகளும் அதற்காகச் சம்பளப் பேச்சுவார்த்தையில் எதையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. ஹோம் ரன் பறக்கிறது, டிக்கெட் விற்கிறது, எதற்கு வம்பு?

இன்னொரு விவரம் அதிகம் பேசப்படுவதில்லை. கீழ்நிலை லீக் ஆட்டக்காரர்களுக்கு, அதாவது சங்கப் பாதுகாப்பு இல்லாத, சொற்பச் சம்பளம் வாங்கிய இளைஞர்களுக்கு, 2001இலேயே பரிசோதனை வந்துவிட்டது. அதே ஆண்டு பாண்ட்ஸ் மேலே 73 அடித்துக்கொண்டிருந்தார், ஒரு துளி சிறுநீர்கூட யாருக்கும் கொடுக்காமல். பெரிய லீக்கில் பெயரோடு கூடிய பரிசோதனை 2004இல்தான் தொடங்கியது. அதிலும் முதல் முறை மாட்டினால் இடைநீக்கம் கிடையாது, சிகிச்சை மட்டும். 2005 மார்ச்சில் நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு விசாரித்த பிறகே பிடி இறுகியது. அந்த விசாரணையில் மெக்வயர் "நான் கடந்த காலத்தைப் பேச இங்கே வரவில்லை" என்றார். ரஃபேல் பால்மெய்ரோ விரலை நீட்டி, ஸ்டீராய்டு எடுத்ததே இல்லை என்றார். ஆகஸ்டில் அவரே பரிசோதனையில் சிக்கினார்.

இரண்டாவது வாதம்: பேஸ்பாலில் ஏமாற்று எப்போதும் உண்டு. கேலார்ட் பெரி என்ற பிட்சர், அதாவது பந்து வீசுபவர், பந்தில் எச்சிலும் பசையும் தடவியே பேர் வாங்கியவர். அதைப் பெருமையாக எழுதியும் வைத்தார். 1991இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். அவருக்கு ஒரு நியாயம், பாண்ட்ஸுக்கு ஒன்றா?

இரண்டும் ஒன்றல்ல என்பேன். எச்சில் பந்தை நடுவர் மைதானத்திலேயே பிடிக்கலாம். 1982இல் பெரியைப் பிடித்து வெளியேற்றவும் செய்தார்கள். அதைவிட முக்கியமானது, பெரி எச்சில் தடவியதால் எதிரணி பிட்சரின் ஈரலுக்கு ஆபத்து வரவில்லை. ஸ்டீராய்டு அப்படியல்ல. ஒருவர் எடுத்தால், அதே இடத்துக்குப் போட்டியிடும் அடுத்தவரும் உடம்பைப் பணயம் வைக்கிறாரா, வேலையை விடுகிறாரா என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அன்று அணியில் 25 இடங்கள்தான். 26ஆவதாக நின்று, மருந்தைத் தொடாமல் வீடு திரும்பியவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. நியாயம் என்று ஒன்று பாக்கி இருக்குமானால் அது முதலில் அவர்களுக்குத்தான் சேர வேண்டும்.

ஆரனுக்கும் சேர வேண்டும். 1973இல், பேப் ரூத்தின் வாழ்நாள் எண்ணிக்கையான 714ஐ நெருங்கிய காரணத்துக்காகவே, ஒரு கறுப்பினத்தவர் அதைத் தொடுவதா என்று கொலை மிரட்டல் கடிதங்களை அவர் வாங்கிக்கொண்டிருந்தார். 1974 ஏப்ரல் 8 அன்று 715ஐ அடித்தார். பாண்ட்ஸ் 756ஐ அடித்த இரவில் ஆரன் மைதானத்துக்குப் போகவில்லை. முன்பே பதிவு செய்த வாழ்த்து பெரிய திரையில் ஓடியது. ஒரு குறைச்சொல்லும் இல்லாத, கண்ணியமான வாழ்த்து.

எண்ணும் மண்டபமும்

762ஐ ஏட்டிலிருந்து அழிக்க வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பால்கோவோடு தொடர்புடைய ஓட்டக்காரி மேரியன் ஜோன்ஸிடமிருந்து சிட்னி ஒலிம்பிக் பதக்கங்களைத் திரும்ப வாங்க முடிந்தது, ஓட்டம் தனி ஆளின் விஷயம். பேஸ்பாலில் ஒரு ஹோம் ரன்னை எடுத்தால் அந்த ஆட்டத்தின் முடிவை என்ன செய்வது? அதை விட்டுக்கொடுத்த பிட்சரின் கணக்கு? அவரும் மருந்தில் இருந்திருந்தால்? பேஸ்பாலின் மருந்துப் புழக்கத்தை விசாரித்து 2007 டிசம்பரில் வெளியான மிட்செல் அறிக்கை 89 ஆட்டக்காரர்களைப் பெயர் சொன்னது, அதில் பிட்சர்களும் நிறைய. எண் இருக்கட்டும், எப்படி வந்தது என்ற கதையோடு இருக்கட்டும்.

2022இல் ஆரன் ஜட்ஜ் என்ற இன்றைய ஆட்டக்காரர் ஒரே சீசனில் 62 அடித்தபோது, ராஜர் மாரிஸின் மகன் இதுவே உண்மையான சாதனை என்று சொன்னார். முறையான பரிசோதனை வந்த பிறகு 61ஐத் தாண்டிய முதல் மனிதர் ஜட்ஜ்தான். மாரிஸ் குடும்பத்தின் உணர்வு எனக்குப் புரிகிறது. ஆனால் பேப் ரூத்தின் காலத்தில் கறுப்பின ஆட்டக்காரர்களையே லீக்கில் சேர்க்கவில்லை. அந்த 60க்கு யாரும் குறி போடச் சொல்வதில்லையே.

ஹால் ஆஃப் ஃபேம் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். உள்ளே போக பேஸ்பால் எழுத்தாளர்களின் 75 சதவீத வாக்கு வேண்டும். பாண்ட்ஸ் 2013இல் 36.2இல் தொடங்கி, பத்தாவதும் கடைசியுமான வாய்ப்பில், 2022இல், 66 சதவீதத்தில் நின்றார். நேர்மை, குணம், விளையாட்டுப் பண்பு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது விதி. நல்லது. ஆனால் இந்தக் காலம் முழுக்கக் கமிஷனர் நாற்காலியில் இருந்த பட் செலிக் 2017இல் உள்ளே போய்விட்டார். பாட்டிலைப் பற்றி எழுதியவர்மேல் பாய்ந்த லா ருஸா 2014இல் போனார். பேஸ்பாலில் இருந்த எல்லோருக்கும் இதில் ஓரளவு பொறுப்பு உண்டு, கமிஷனர்கள் உட்பட, என்று எழுதிய மிட்செல் அறிக்கையைக் கேட்டு வாங்கியதே செலிக்தான். பொறுப்பில் பங்கு இருந்தும் அவருக்கு வெண்கலப் பலகை, ஆடியவருக்குக் கதவடைப்பு. செலிக் உள்ளே இருக்கிற வரை பாண்ட்ஸும் உள்ளே இருக்க வேண்டும், அவருடைய பலகையில் பால்கோ என்ற பெயரும் பொறிக்கப்பட்டு. இருவரையும் வெளியே வைத்திருந்தால் நான் இதைவிட நிம்மதியாக இருந்திருப்பேன், ஆனால் அந்த வாய்ப்பு 2017இல் போய்விட்டது.

எழுத்தாளர்கள் கைவிட்டவர்களைப் பரிசீலிக்க 16 பேர் கொண்ட ஒரு குழு இருக்கிறது. 2022 டிசம்பரில் பாண்ட்ஸுக்கு அங்கே நான்கு வாக்குகூடக் கிடைக்கவில்லை. 2025 டிசம்பரில் மறுபடி பெயர் வந்தது. ஜயன்ட்ஸில் அவரோடு ஆடிய ஜெஃப் கென்ட் 14 வாக்குகளோடு தேர்வானார். பாண்ட்ஸ் ஐந்தைத் தொடவில்லை. புதிய விதிப்படி ஐந்துக்குக் கீழே வாங்கியவர் அடுத்த சுற்றில் பட்டியலில் வர முடியாது, ஆக 2031 வரை அவர் பெயர் எழாது. அப்போதும் ஐந்துக்குக் கீழே என்றால், அந்தக் குழு அவரை அதற்குப் பிறகு பரிசீலிக்காது.